ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடிச்சா யார் வருவாங்க?

மாசத்துக்கு நாலஞ்சு பேராவது இன்பாக்ஸ்ல இதைக் கேட்கிறாங்க. "டாக்டர், அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு. ரெண்டு பேரும் திருவண்ணாமலையிலேயே செட்டில் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அங்க சீனியர் சிட்டிசன்களுக்குன்னு கட்டுற ஃப்ளாட், வில்லா எல்லாம் எப்படி? வாங்கலாமா?"

தனித்தனியா பதில் போட்டு முடியல. அதனால இந்த இழை. நீளமாத்தான் இருக்கும். ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்லயே சொல்லிடறேன். எனக்கு ரியல் எஸ்டேட் தெரியாது. எந்த இடத்தோட பேரும் சொல்ல மாட்டேன், இது நல்லது அது மோசம்னு மார்க்கும் போட மாட்டேன். நான் அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். அந்த ஃப்ளாட்கள்ல இருந்து ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்களைப் பார்க்கிற ஆள். அங்க நின்னு பார்த்தா என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்றேன்.

வயசான காலத்துல இந்த மலையடிக்கு வந்து சேர்றது இந்த ஊருக்குப் புதுசு இல்ல. ரமணர் 1896-ல 16 வயசுப் பையனா இங்க வந்தாரு. அவரைப் பெத்த அழகம்மாள் 1916-ல வந்து மகனோடயே தங்கிட்டாங்க. முதல்ல விருபாட்ச குகை, அப்புறம் கந்தாஸ்ரமம். அங்க அடுப்பு மூட்டிச் சமையல் ஆரம்பிச்சதே அவங்கதான். 1922 மே 19 அன்னைக்கு அவங்க உயிர் பிரியும்போது மகன் பக்கத்துலயே உட்கார்ந்து ஒரு கையை நெஞ்சுலயும் இன்னொரு கையைத் தலையிலயும் வச்சிருந்தாருன்னு ஆசிரம வரலாறு சொல்லுது. மலையடிவாரத்துல அவங்க சமாதியைச் சுத்தித்தான் இன்னைக்கு நாம பார்க்கிற ரமணாசிரமமே வளர்ந்தது.

செங்கம் ரோட்டுல, ரமண நகர் பக்கம் வீடு தேடி வர்ற பெரியவங்க பல பேருக்கு இந்தக் கதை மனப்பாடம். எனக்கு அதுல கண்ணுல படறது வேற. அந்த மலை மேல லிஃப்ட் கிடையாது, ஜெனரேட்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது. கடைசி மூச்சு வரைக்கும் கூட ஆள் இருந்தது.

இப்போ நாம காசு குடுத்து வாங்கப் பார்க்கிறதும் அந்த ஆளைத்தான். ஆனா ப்ரோஷர்ல அந்த ஆளைத் தவிர மத்த எல்லாத்துக்கும் ஃபோட்டோ இருக்கு.

"அப்பா அம்மாவைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டான்"னு பேசுற கூட்டத்துல நான் இல்ல. 2011 சென்சஸ்லயே தமிழ்நாட்டுல 60 வயசு தாண்டினவங்க 10.4 சதவீதம். இந்தியா முழுக்க எடுத்தா 8.6. பிள்ளைங்க ஒண்ணோ ரெண்டோ, அதுவும் பெங்களூர்லயோ டல்லாஸ்லயோ இருக்காங்க. சென்னையில மூணாவது மாடி ஃப்ளாட்டைப் பூட்டிக்கிட்டு டிவியே துணைன்னு இருக்கிறதை விட, தன் வயசு ஆளுங்களோட சாயங்காலம் உட்கார்ந்து பேசி, நேரத்துக்குச் சாப்பிட்டு, காலையில பால்கனியில நின்னு அண்ணாமலையைப் பார்த்துக் கும்பிடறது ஆயிரம் மடங்கு மேல். சும்மா சொல்லல, அப்படி நல்லா இருக்கிறவங்களையும் ஓபியில பார்க்கிறேன்.

பிரச்சினை வேற இடத்துல.

1963-ல சிட்னி காட்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர், வயசானவங்களுக்கு எவ்வளவு உதவி தேவைன்னு அளக்க ஒரு கணக்கு எழுதினாரு. ஆறே கேள்விதான். தானா குளிக்க முடியுதா, தானா துணி உடுத்த முடியுதா, டாய்லெட் போக முடியுதா, கட்டில்ல இருந்து எழுந்து நாற்காலிக்கு மாற முடியுதா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியுதா, தானா எடுத்துச் சாப்பிட முடியுதா. அறுபது வருஷம் தாண்டியும் நாங்க இதைத்தான் கேட்கிறோம்.

ஆறுக்கும் "முடியும்"னா அவருக்கு வேண்டியது வசதியான ஒரு வீடு, அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு போச்சுன்னா கூட ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான் அசிஸ்டட் லிவிங்னு பேரு. நாலஞ்சு போச்சுன்னா ராத்திரி பகல் நர்சிங். மூணும் மூணு வேற வேற சேவை. ஆள் கணக்கு வேற, செலவு வேற. நம்ம ஊர் விளம்பரங்கள்ல மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டி "சீனியர் லிவிங்"னு பரிமாறிடறாங்க. உள்ள போய்ப் பார்த்தா ஃப்ளாட், மெஸ், வாசல்ல செக்யூரிட்டி. வாங்குறப்போ அப்பாவுக்கு 66 வயசு, ஆறுக்கு ஆறு மார்க். அதனால யாரும் கேட்கிறதே இல்ல. கேள்வி 80 வயசுலதான் வருது.

ஒரு அம்மாவைப் பத்திச் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

78 வயசு. ஓய்வு பெற்ற டீச்சர். வீட்டுக்காரர் தவறி மூணு வருஷம், மகன் வெளிநாட்டுல. மலை பார்த்த மாதிரி பால்கனியோட ஒரு சீனியர் ஃப்ளாட், ரெண்டாவது மாடி. ராத்திரி பத்து பத்தரைக்கு பாத்ரூம் போனப்போ வழுக்கி விழுந்துட்டாங்க. எமர்ஜென்சி மணி இருந்தது. ஆனா சுவத்துல, நிக்கிற ஆளுக்கு எட்டுற உயரத்துல. ஃபோன் கட்டில் மேல. கத்தியிருக்காங்க, பக்கத்து ஃப்ளாட் காலி. காலையில காபி கொண்டுவந்த பையன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, மாற்றுச் சாவி ஆபீஸ் அலமாரியிலன்னு தெரிஞ்சு, அலமாரிச் சாவி மேனேஜர்கிட்டன்னு தெரிஞ்சு, அவர் வந்து திறக்கும்போது மணி எட்டரை.

பத்து மணி நேரம் ஈரத்தரையில.

இடுப்பு எலும்பு முறிவை மட்டும் நினைச்சு நீங்க பயப்படுவீங்க. நாங்க அந்தப் பத்து மணி நேரத்துக்குப் பயப்படறோம். ஒரே பக்கமா அழுந்திக் கிடந்தா தசை நசிஞ்சு, அதுல இருக்கிற புரதம் ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்கும். அவங்களுக்கு வந்த யூரின் கட்டங்காபி நிறத்துல இருந்தது. கிட்னி உப்பு ஏறியிருந்தது. இடுப்பு எலும்பு முறிவுக்கு முடிஞ்சவரை ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் பண்றதுதான் நல்லது. இவங்களுக்கு முதல்ல கிட்னியைக் காப்பாத்த வேண்டியிருந்ததால அது தள்ளிப்போச்சு.

பிழைச்சுட்டாங்க. ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சது. டிஸ்சார்ஜ் பேசும்போதுதான் அடுத்தது. குடியிருப்புல இருந்து வந்தவர் தன்மையாத்தான் பேசினாரு: "சார், எங்ககிட்ட தானா இயங்குறவங்களை மட்டும்தான் வச்சுக்க முடியும். அக்ரிமென்ட்லயே இருக்கு." இருந்தது. மகன் வீடியோ கால்ல அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து எங்களுக்கே படிச்சுக் காட்டினாரு. கையெழுத்துப் போட்டப்போ படிக்காத வரி.

அன்னைக்கு சாயங்காலம் ரவுண்ட்ஸ் போனப்போ அந்த அம்மா கேட்டாங்க: "தம்பி, நடந்துட்டா திரும்ப விட்டுடுவாங்களாமே? நாளைக்கே வாக்கர் குடுங்க, நான் நடக்கிறேன்."

நடந்தாங்க. வாக்கரைப் பிடிச்சு, பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடிச்சு, முதல் நாள் நாலடி, ஒரு வாரத்துல வார்டு வாசல் வரைக்கும். ஆனா குளிக்க ஆள் வேணும், டாய்லெட் போக ஆள் வேணும். ஆறுல ரெண்டு போச்சு. மூணு வாரம் எங்க வார்டுல இருந்துட்டு, சென்னையில நர்ஸோட இருக்கிற ஒரு இடத்துக்கு மகன் மாத்திட்டாரு. மலை பார்த்த அந்த ஃப்ளாட் பூட்டிக் கிடக்கு, மாசாமாசம் மெயின்டனன்ஸ் மட்டும் போகுது.

அதனால நீங்க போய்ப் பார்க்கும்போது நீச்சல்குளத்தையும் தியான மண்டபத்தையும் அவங்களே காட்டுவாங்க. நீங்க பாத்ரூமைக் காட்டச் சொல்லுங்க.

தரையில தண்ணி ஊத்தி, செருப்பைக் கழட்டிட்டு நின்னு பாருங்க. வழவழன்னு பளபளக்கிற டைல்ஸ் ஷோரூமுக்கு அழகு. டாய்லெட் பக்கத்துலயும் குளிக்கிற இடத்துலயும் கைப்பிடிக் கம்பி இருக்கா, உங்க முழு எடையும் போட்டு இழுத்தா ஆடுதா? கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். உள்பக்கமாத் திறக்கிற கதவுக்குப் பின்னாடி ஒருத்தர் விழுந்து கிடந்தா, கதவை உடைக்காம உள்ள போக முடியாது. மணிக்கு ஒரு கயிறு வேணும், அது தரை வரைக்கும் தொங்கணும். விழுந்தவங்க கைக்கு எட்டாத மணி சுவத்துக்கு அலங்காரம்தான். லிஃப்டுக்குள்ள ஸ்ட்ரெச்சர் படுத்த மேனிக்கு நுழையுதா? இல்லன்னா இடுப்பு உடைஞ்சவரை நாற்காலியில கட்டித்தான் இறக்கணும்.

மாற்றுச் சாவி எங்க இருக்குன்னு கேளுங்க. சாதாரணக் கேள்விதான்.

பகல்ல போகாதீங்க. ராத்திரி ஒன்பதரைக்குப் போங்க. டியூட்டியில யாரு? நர்ஸா, பயிற்சி எடுத்த பணிப்பெண்ணா, இல்ல கேட்ல இருக்கிற வாட்ச்மேன் அண்ணனா? மொத்தம் எத்தனை பெரியவங்களுக்கு ராத்திரி எத்தனை ஆள்? "24 மணி நேர மருத்துவ உதவி"ன்னா என்னன்னு கேளுங்க. பல இடத்துல அதுக்கு அர்த்தம், 108-க்கு ஃபோன் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தர். 108-ஐ நான் குறைச்சுச் சொல்லல, அது எத்தனையோ உயிரைக் காப்பாத்துது. ஆனா அது உங்க பைசா இல்லாமலேயே வர்ற சேவை. அதுக்கு எதுக்கு மாசக் கட்டணம்?

இப்போ நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம். ப்ரோஷர்ல பெரிய எழுத்துல "கிரிவலப் பாதையில் இருந்து நடக்கும் தூரம்"னு இருக்கும். 14 கிலோமீட்டர் பாதை அது. பௌர்ணமி ராத்திரி அந்தப் பாதை முழுக்கத் தலைதான் தெரியும். தீபத்தன்னைக்குக் கேட்கவே வேணாம், ஊருக்கு வெளியிலயே தற்காலிகப் பஸ் ஸ்டாண்ட் போட்டு வண்டிகளை நிறுத்திடுவாங்க. பக்கவாதம் வந்தா, அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அந்த நாலரை மணி நேரம் வாய் கோணின நிமிஷத்துல இருந்து ஆரம்பிக்குது, ஆம்புலன்ஸ் வந்ததுல இருந்து இல்ல. அதனால கேளுங்க: பௌர்ணமி ராத்திரி இங்க இருந்து ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாப் போவீங்க? பின்பக்கமா வேற ரோடு இருக்கா? போன தீபத்துக்கு யாரையாவது கொண்டுபோனீங்களா? பெரிய சிகிச்சைக்கு வேலூர் போகணும்னா சுமார் 80 கிலோமீட்டர், சென்னைன்னா 190-க்குப் பக்கம்ங்கிறதையும் மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

மலையை ஒட்டின மனைக்குத் தனி விலை சொல்வாங்க. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில வ.உ.சி. நகர்ல மலையில இருந்து மண்ணும் பாறையும் சரிஞ்சு 7 பேர் இறந்தாங்க. பார்வைக்கு மலை வேணும்தான். கொஞ்சம் தள்ளி நின்னும் பார்க்கலாம்.

கிரிவலம் சுத்துறதைப் பத்தியே ஒரு வார்த்தை. பத்து வருஷம் தாண்டின சுகர் இருக்கிறவங்க, பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்க, தயவுசெஞ்சு வெயில்ல வெறுங்காலோட தார் ரோட்டுல நடக்காதீங்க. சுட்டது தெரியாது, கல் குத்தினது தெரியாது. பௌர்ணமி முடிஞ்சு நாலஞ்சு நாள்ல கொப்புளம் வெடிச்ச கால்கள் ஓபிக்கு வரும். சில கால்கள் விரலை விட்டுட்டுத்தான் வீடு திரும்புது. அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டாரு, ஆட்டோவுல சுத்துங்க.

அடுத்து சாப்பாடு. "சாத்வீக உணவு"ன்னு போட்டிருப்பாங்க. ஒருநாள் உட்கார்ந்து மூணு வேளையும் சாப்பிட்டுப் பாருங்க. இட்லி, சாதம், ரசம், உப்புமா, திரும்பவும் இட்லி. வயசானா தசை கரையும், தசை கரைஞ்சா விழுவாங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது புரதம் வேணும், கூட இருந்தா இன்னும் நல்லது. 60 கிலோ இருக்கிற தாத்தாவுக்குத் தினம் 60 கிராமுக்குக் குறையக்கூடாது. (கிட்னி கோளாறு இருந்தா கணக்கு மாறும், டாக்டரைக் கேட்டுக்கங்க.) முட்டை வேணாம்னா பருப்பு, சுண்டல், தயிர், பனீர் தட்டுல கண்ணுக்குத் தெரியணும். தண்ணிச் சாம்பார்ல பருப்பைத் தேடக்கூடாது.

மறதி நோய் பத்தி எந்த ப்ரோஷரும் பேசாது. "டிமென்ஷியா வந்தா வச்சுப்பீங்களா?"ன்னு நேராக் கேளுங்க. நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாம் பக்கம் வீஸ்ப்ங்கிற ஊர்ல, 2009-ல ஹோகவேக்னு மறதி நோயாளிகளுக்காகவே ஒரு கிராமம் மாதிரி கட்டினாங்க. கடை, தெரு, தோட்டம் எல்லாம் உள்ளயே. எங்க வேணும்னாலும் சுத்தலாம், தொலைஞ்சு போக முடியாது. நம்ம ஊர்ல கேட்டைத் திறந்தா கிரிவலப் பாதை. மறதி இருக்கிற ஒருத்தர் அந்தக் கூட்டத்துல கலந்துட்டா தேடறது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க.

காசு விஷயத்துக்கு வரேன். "மெடிக்ளைம் இருக்கே டாக்டர்"னு சொல்வீங்க. மெடிக்ளைம் ஆஸ்பத்திரி பெட்டுக்குக் காசு தரும். அப்பாவைக் குளிப்பாட்டி விடற ஆளுக்கு வருஷக்கணக்காச் சம்பளம் தராது. ஜப்பான்ல 2000-ல இதுக்குன்னே தனி இன்சூரன்ஸ் கொண்டு வந்தாங்க. 40 வயசுல இருந்து எல்லாரும் கட்டணும், வயசானப்புறம் எவ்வளவு உதவி தேவைன்னு ஏழு படியாப் பிரிச்சு அதுக்கேத்த பராமரிப்பு கிடைக்கும். நமக்கு அப்படி ஒண்ணு இல்லாததால அந்த ஆளோட சம்பளத்தை நீங்களே எடுத்து வைக்கணும். ஃப்ளாட்டுக்கே மொத்தச் சேமிப்பையும் போட்டுட்டு வர்றவங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. என்னைக் கேட்டா, மொதல்ல ஒரு ஆறு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க. ஒரு வெயில் காலம், ஒரு தீபம் ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

பேப்பரைப் பத்தி: விலைக்கு வாங்குறது, டெபாசிட் கட்டிக் குத்தகைக்கு இருக்கிறது, மாச வாடகை, மூணும் இருக்கு. எது ஆனாலும் மூணு வரியைத் தேடிப் படிங்க. உடம்பு முடியாமப் போனா என்ன, ஒருத்தர் போயிட்டா மத்தவர் நிலைமை என்ன, பாதியில வெளிய வந்தா எவ்வளவு திரும்ப வரும். 2019-ல மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ரிட்டயர்மென்ட் ஹோம்களுக்குன்னு மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கு. வழுக்காத தரை, கைப்பிடி, எமர்ஜென்சி மணி எல்லாம் அதுல இருக்கு. பேர்லயே இருக்கு பாருங்க, "மாதிரி". அதைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேளுங்க. ரெரா பதிவு எண்ணையும் சரிபாருங்க.

இன்னொரு முதியோர் குடியிருப்பும் இந்த ஊர்ல இருக்கு. அதுக்கு ப்ரோஷர் கிடையாது. கிரிவலப் பாதை ஓரத்துல, கடை வாசல்ல, கோயில் மதில் நிழல்ல. காவி கட்டினவங்க எல்லாரும் துறவிங்க இல்ல. வீட்டுல இருந்து கோவிச்சுக்கிட்டு வந்தவங்க, பௌர்ணமிக்குக் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போகப்பட்டவங்க, போக இடம் இல்லாம வந்தவங்க. கோயில்லயும் ஆசிரமங்கள்லயும் அன்னதானம் இருக்கு, அதனால பட்டினி இல்ல. மருந்து, பாத்ரூம், பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள், இதெல்லாம் இல்ல. எங்களுக்கு "பேர் தெரியாத ஆண், வயசு சுமார் 70"ன்னு சீட்டுல வருவாங்க. நினைவு திரும்பினதும் சில பேர் ஊர் பேரைச் சொல்ல மாட்டாங்க. பிள்ளைக்கு அசிங்கம்னு.

2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற 150 பேராவது தங்குற முதியோர் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒண்ணாவது அரசு அமைக்கலாம்னு சொல்லுது. "அமைக்கலாம்". அந்த ஒரு சொல்லை மாத்தினா எங்க வார்டுல பல பெட் காலியாகும். அதே சட்டத்துல, பிள்ளைங்க கவனிக்கலன்னா ஆர்டிஓ-கிட்ட மனு கொடுத்து மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் கேட்கலாம். பார்த்துக்கணும்னு நிபந்தனை எழுதிச் சொத்தைக் கொடுத்து, அப்புறம் பார்த்துக்கலன்னா, 23-வது பிரிவுல அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணலாம். நிபந்தனையை எழுதி வைங்க, "என் பையன்தானே"ன்னு விடாதீங்க. ரோட்டோரமா தவிக்கிற பெரியவங்களைப் பார்த்தா 14567. முதியோர் உதவி எண், இலவசம். ஃபோன்ல சேவ் பண்ணிக்கங்க.

சொந்த வீட்டுலயே இருக்கிறவங்களுக்கு, 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோதெரபியும் படுக்கையில இருக்கிறவங்களுக்கான கவனிப்பும் உண்டு. கேட்டு வாங்குங்க. கூச்சப்பட ஒண்ணும் இல்ல, உங்க வரிப்பணம்.

அப்பா அம்மா நல்லா இருக்கும்போதே இன்னொண்ணையும் பேசிடுங்க. கடைசிக் கட்டத்துல வென்டிலேட்டர் வேணுமா வேணாமா, எந்த ஆஸ்பத்திரி, யார் முடிவு எடுக்கணும். இதை எழுதி வைக்கிறதை 2018-ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. 2023-ல வழிமுறையையும் எளிமையாக்கியாச்சு: ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரியோ கெசட்டட் ஆபீசரோ போதும். ராத்திரி மூணு மணிக்கு கேஷுவாலிட்டியில நின்னுக்கிட்டு, வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைகிட்ட ஃபோன்ல "ட்யூப் போடட்டுமா?"ன்னு நான் கேட்கும்போது அந்தப் பக்கம் வர்ற அமைதி இருக்கே, அது யாருக்கும் வேணாம்.

சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் போடறேன். ப்ரோஷரை ஃபோட்டோ எடுத்து அனுப்பி "இது ஓகேவா டாக்டர்"னு மட்டும் கேட்காதீங்க. பாத்ரூமை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.